டால்ஸ்டாய் அடிகள்

உலகில் மக்கள் விரும்பும் பேறுகள் பல. உயர்குடிப் பிறப்பு, பெருஞ்செல்வம், உடல்நலம், அன்புடைய மனைவி, அறிவுடைய மக்கள், நாடறிந்த புகழ் ஆகிய இவற்றுள் ஒன்று கிடைப்பினும் மகிழ்வோர் பலர். இவை அனைத்தையும் ஒருங்கே பெற்றிருந்தும், ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில், தாம் ஏன் வாழவேண்டும் என்னும் வினாவிற்கு விடை காண இயலாமல் தத்தளித்தார் ஒரு பேரறிஞர். அத்துன்பக் கடலில் அவர் மூழ்கிவிடவில்லை. எழுத்தறியாத உழவர்களைத் தம் ஆசிரியர்களாகக் கொண்டு கரை சேர்ந்தார். தம் குற்றங்களைத் தாமே ஆராய்ந்து, உலகறிய எடுத்துரைத்தார். எஞ்சிய வாழ்நாளைப் பிறர் துயர் தீர்ப்பதிற் செலவிட்டார். அவரே ருஷ்ய நாட்டுப் பெரும் எழுத்தாளராகிய லியோ டால்ஸ்டாய் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மாஸ்கோ மாநகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தூலா என்னும் நகரை அடுத்து யாஸ்னயா போல்யானா என்னும் சிற்றூர் உள்ளது. மரங்கள் அடர்ந்த சோலைகளும் விளைநிலங்களும் சூழ்ந்த அவ்வூரில், பெருநிலக்கிழார் குடியொன்றில் 1828ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள் டால்ஸ்டாய் தோன்றினார். உடன்பிறந்த ஆண்மக்கள் நால்வருள் இவரே இளையவர். இவருக்குப் பின் தங்கை ஒருத்தி பிறந்தாள். இரண்டு வயது நிறைவதற்குள் தாயை இழந்தார்; ஒன்பது வயது நிறைவதற்குள் தந்தையையும் இழந்தார். தாத்தியானா என்னும் உறவினரான பெருமாட்டி தாய்போல் இருந்து இவர்களை வளர்த்தார். அன்பு என்பது யாது என்பதை முதன்முதல் டால்ஸ்டாய்க்கு உணர்த்தியவர் அவ்வம்மையாரே.

பதினாறாம் வயதில், 1844ஆம் ஆண்டு, டால்ஸ்டாய் கசான் நகரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். முதலில் கீழ்நாட்டு மொழிகளையும், பின்னர்ச் சட்டத்தையும் பயின்றார். இரண்டிலும் மனம் ஊன்றவில்லை. பட்டம் பெறாமலே 1847இல் ஊர் திரும்பினார். அவ்வாண்டிலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். நாள்தோறும் செய்யவேண்டுவன இவை, செய்யத் தகாதன இவை என விதிகள் பலவற்றை அதில் வகுத்துக்கொண்டார். விதிகளை வகுத்த கையே அவற்றை மீறியது. உயர்ந்த எண்ணம் ஒருபுறமும், அதனைக் காக்கமாட்டாத மனம் ஒருபுறமும் நின்று அவரை ஈர்த்தன. இப்போராட்டம் அவர் வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

செல்வ இளைஞரிடையே அந்நாளில் மலிந்திருந்த சூதாட்டம் அவரையும் பற்றியது. இழந்த பொருளை மீட்க மீண்டும் ஆடினார், மீண்டும் இழந்தார். தாம் பிறந்த பெரிய மாளிகையையே 1854இல் விற்கும் நிலை வந்தது. வாங்கியவர் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துச் சென்றார். மாளிகை விற்ற பொருளும் சூதிலேயே கரைந்தது. பிற்காலத்தில் டால்ஸ்டாய் வாழ்ந்த இல்லம், அம்மாளிகையின் பக்கத்தில் இருந்த சிறு கட்டடமே ஆகும். அங்கே வெறுமையாய்க் கிடந்த இடம், அவருடைய இளமைப் பிழையை வாழ்நாள் முழுவதும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

எழுத்தும் புகழும்

தமையனார் நிக்கோலாயுடன் 1851இல் காக்கசஸ் மலைநாட்டிற்குச் சென்ற டால்ஸ்டாய், அடுத்த ஆண்டு பீரங்கிப் படையிற் சேர்ந்தார். படைவாழ்க்கைக்கு இடையே அவர் எழுதிய குழந்தைப் பருவம் என்னும் முதல் நூல் 1852இல் வெளிவந்தது. அதனைப் படித்த அறிஞர், புதிய எழுத்தாளர் ஒருவர் தோன்றிவிட்டார் என வியந்தனர். கிரிமியப் போரின்போது, 1854, 1855ஆம் ஆண்டுகளில், முற்றுகையிடப்பட்ட செவஸ்தபோல் நகரைக் காத்த படையில் அவரும் இருந்தார். குண்டுபட்டு வீழ்ந்தோரையும், உறுப்பிழந்து கதறுவோரையும் கண்ணாரக் கண்டார். போரின் வெற்றொளியை நீக்கி அதன் உண்மை உருவை உலகிற்குக் காட்டும் கதைகளை அங்கிருந்து எழுதினார்.

படைத்தொழிலை விட்டபின் மேலைநாடுகளைக் காணச் சென்றார். பாரிஸ் நகரில் 1857ஆம் ஆண்டு, குற்றவாளி ஒருவனைத் தலைவெட்டும் பொறியிலிட்டுப் பலரறியக் கொல்லும் காட்சியைக் கண்டார். எத்தனை நூல்கள் ஏதுக்கள் காட்டினும் மனிதன் மனிதனைக் கொல்லுதல் அறமாகாது என்னும் உணர்ச்சி அன்று அவர் நெஞ்சிற் பதிந்தது. ஊர் திரும்பி, 1859இல் உழவர்களின் பிள்ளைகளுக்காகத் தம் ஊரிலேயே பள்ளியொன்று நிறுவினார். தண்டனையின்றிக் கற்பிக்கும் அப்பள்ளியில் அவரே ஆசிரியராகவும் விளங்கினார். மறு ஆண்டு, தாம் பெரிதும் போற்றிய தமையனார் நிக்கோலாய், பிரான்சு நாட்டில் என்புருக்கி நோயால் இறந்தார். அண்ணனின் இறுதி நாள்களில் அருகிருந்து கண்ட டால்ஸ்டாயின் உள்ளத்தில், இறப்பைப் பற்றிய எண்ணம் முள்போல் தைத்து நின்றது.

அவருக்கு 1862ஆம் ஆண்டு சோபியா என்னும் நங்கையுடன் திருமணம் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 34; மணமகளுக்கு வயது 18. இல்லறம் இனிது தொடங்கியது. மக்கள் பதின்மூவர் பிறந்தனர். போரும் அமைதியும் என்னும் பெரும் புதினத்தை அவர் 1863 முதல் 1869 வரை எழுதினார். அடித்தலும் திருத்தலும் நிறைந்த அவருடைய கையெழுத்துப் படிகளை, சோபியா அம்மையார் இரவில் விளக்கொளியில் அமர்ந்து மீண்டும் மீண்டும் படியெடுத்து உதவினார். அந்நூலும், அதன்பின் வந்த அன்னா கரீனினா என்னும் புதினமும் டால்ஸ்டாயை உலக எழுத்தாளர் வரிசையில் முன்னிறுத்தின.

உள்ளத்தில் எழுந்த புயல்

போரும் அமைதியும் நிறைவுற்ற 1869ஆம் ஆண்டிலேயே புயலின் முதற்குறி தோன்றியது. நிலம் வாங்கும் பொருட்டுப் பயணம் சென்ற டால்ஸ்டாய், அர்சமாஸ் என்னும் ஊரில் ஒரு விடுதியில் இரவு தங்கினார். நள்ளிரவு கடந்தபின் உறக்கம் கலைந்தது. உடலில் நோயில்லை, அச்சுறுத்துவார் எவரும் இல்லை. எனினும், அதற்குமுன் ஒருநாளும் அறியாத பேரச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. இறப்பு தம்மை நோக்கி வருகின்றது. அது வருமாயின் நிலமும் பொருளும் எதற்கு என்னும் எண்ணம் அவரை நடுங்கச் செய்தது. விடிந்ததும் அச்சம் தணிந்தது. ஆனால் அதன் வேர் அறவில்லை.

பின்வந்த ஆண்டுகளில் அவ்வில்லத்தில் சாவு அடுத்தடுத்து நுழைந்தது. குழந்தை ஒன்று 1873இல் இறந்தது. தாய்போல் வளர்த்த தாத்தியானா பெருமாட்டி 1874இல் மறைந்தார். மேலும் இரு குழந்தைகள் 1875இல் இறந்தன. சிறு பெட்டிகளில் தம் மக்களைக் கிடத்தி மண்ணிற் புதைத்துவிட்டு வந்த தந்தை, எழுதுமேசையின் முன் அமர்ந்து அன்னா கரீனினாவை எழுதிக்கொண்டிருந்தார். நாடெங்கும் அந்நூலின் அடுத்த பகுதியை ஆவலுடன் எதிர்நோக்கியது. நூலாசிரியரோ அதனை முடிப்பதே பெருஞ்சுமை எனக் கருதினார்.

நிலத்தைப் பெருக்கும் வழியை எண்ணும்போதும், மக்களின் கல்வியைப் பற்றி எண்ணும்போதும், தமக்கு வரும் புகழை எண்ணும்போதும் அதனால் என்ன, அதற்குப் பின் என்ன என்னும் ஒரே வினா அவர்முன் வந்து நின்றது. சமாரா நாட்டில் அவருக்குப் பரந்த நிலமும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் இருந்தன. இன்னும் எத்துணை சேர்த்தாலும் அவ்வினாவிற்கு அது விடையாகாது என்பதை அவர் கண்டார். உலகப் பெரும் புலவர் அனைவரினும் மேலான புகழ் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் அதனாற் பெறுவது யாது என்று தம்மைத் தாமே வினவினார். மறுமொழி இல்லை. காலூன்றி நின்ற நிலம் நழுவுவது போல் அவருக்குத் தோன்றியது.

அவர்தம் உடல் அப்போது வலிமை குன்றவில்லை. உழவரோடு போட்டியிட்டுப் புல் அறுக்கவும், நாள் முழுவதும் அயராது எழுதவும் அவரால் இயன்றது. வீட்டில் அன்பிற்கும் குறைவில்லை. எனினும் வாழ்வில் வெறுப்பு மிகுந்தது. தம் மனம் எந்த வேளையில் எதற்குத் துணியுமோ என்று தம்மைத் தாமே அஞ்சினார். அதனால், பெருவிருப்புடன் மேற்கொண்டு வந்த வேட்டைக்குத் துப்பாக்கியுடன் செல்வதையும் நிறுத்தினார். சாவை விரும்பும் எண்ணம் ஒருபக்கம் இழுத்தது; அதனை எதிர்த்து நிற்கவேண்டும், விடை கிடைக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்னும் உணர்வு மறுபக்கம் அவரைக் காத்தது. அவ்வுணர்வே பின்னர் அவரைக் கரையேற்றியது.

தம் நிலையை விளக்க அவர் கீழ்நாட்டுக் கதையொன்றை எடுத்தாண்டார். பாரதத்திலும் காணப்படும் பழங்கதை அது. காட்டு விலங்கு துரத்த ஓடிய வழிப்போக்கன் ஒருவன் பாழுங்கிணற்றில் இறங்கினான். கிணற்றின் அடியிலோ கொடும்பாம்பு ஒன்று வாய்திறந்து கிடந்தது. இடையில் முளைத்திருந்த செடியொன்றைப் பற்றித் தொங்கினான். வெள்ளெலி ஒன்றும் கருவெலி ஒன்றும் அச்செடியின் அடியைக் கொறித்தன. பகலும் இரவுமே அவ்வெலிகள். அந்நிலையிலும் இலையிற் சொட்டிய தேன்துளிகளை அவன் நக்கிச் சுவைத்தான். டால்ஸ்டாய்க்கு இரண்டு தேன்துளிகள் இருந்தன: ஒன்று குடும்பத்தின்மேல் கொண்ட அன்பு, மற்றொன்று எழுத்துக் கலை. பாம்பையும் எலிகளையும் ஒருமுறை கண்டுவிட்டபின் அத்தேன் அவர் நாவிற்கு இனிக்கவில்லை.

விடை தேடல்

விடையை முதலில் அறிவு நூல்களில் தேடினார். உடலின் இயல்பையும் விண்மீன்களின் இயக்கத்தையும் விளக்கும் நூல்கள், மனிதன் எதற்காக வாழ்கின்றான் என்பதை விளக்கவில்லை. தத்துவ நூல்களை ஆராய்ந்தார். சாக்ரட்டீசர், புத்தர், சாலமன், ஷோப்பன்ஹாவர் முதலியோரின் கருத்துகளைக் கற்றார். உலக வாழ்வு துன்பம் நிறைந்தது என்னும் முடிவே அங்கும் தமக்குக் கிடைத்ததாக எண்ணி வருந்தினார். தம்மைப் போன்ற செல்வரும் கற்றோரும் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்று நோக்கினார். சிலர் அதனை எண்ணுவதே இல்லை. சிலர் எண்ணியும், அதனை மறக்க இன்பங்களில் ஆழ்கின்றனர். சிலர் வாழவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நாளைக் கழிக்கின்றனர். எவரிடத்தும் அவருக்கு வழி புலப்படவில்லை.

அப்போதுதான், அதுவரை தம் கண்முன் இருந்தும் தாம் காணாத மக்களை அவர் கண்டார். அவர்கள் நிலத்தை உழுவோர், தச்சுவேலை செய்வோர், சுமை தூக்குவோர். காலை முதல் மாலை வரை உழைத்து, கிடைத்ததை உண்டு, நோயும் வறுமையும் வந்தபோதும் முணுமுணுக்காமல் வாழ்ந்தனர். இறக்கும் வேளையிலும் அவர்களுள் பலர் அமைதியாக இருந்தனர். வாழ்வு பொருளற்றது என்று அவர்களுள் எவரும் கூறவில்லை. அவர் வாழ்ந்த ஊரின் அருகே, கீவ் நகரிலுள்ள திருத்தலங்களுக்குச் செல்லும் பெருவழி இருந்தது. கோலூன்றி அவ்வழியே நடந்து செல்லும் அடியார்களோடு டால்ஸ்டாய் தாமும் நடந்தார், உரையாடினார். பெருநூல்கள் தராத ஒன்று அவர்கள் சொற்களில் இருந்தது. இறைவனிடத்து நம்பிக்கையும், பிறர்க்கு உழைக்கும் வாழ்க்கையுமே அவர்களுக்கு உரம் தந்தன.

இதனைக் கண்டதும் டால்ஸ்டாய்க்கு உண்மை ஒன்று புலனாயிற்று. பொருளற்றது என்று தாம் வெறுத்தது மனித வாழ்க்கை முழுவதையும் அன்று. பிறர் உழைப்பில் உண்டு, தம் நலமே கருதித் தாம் வாழ்ந்த வாழ்க்கையையே என்பதை உணர்ந்தார். உலகின்மேல் தாம் சாட்டிய குற்றம் தம்முடைய குற்றமே எனத் தெளிந்தார். இத்தெளிவு அவரை மேலும் வருத்தியிருத்தல் கூடும். ஆனால், நோயின் இடம் இன்னதென்று மருத்துவன் கண்டுபிடித்தபோது நோயாளிக்கு உண்டாகும் ஆறுதலையே அவருக்கு அது தந்தது. குறை தம்மிடத்தே உள்ளதாயின், அதனைத் திருத்துவதும் தம்மால் இயலும் அன்றோ?

இளவேனிற் காலம் தொடங்கும் நாள் ஒன்றில் அவர் காட்டிலே தனித்து நின்றார். பனி உருகி, மரங்கள் தளிர்க்க முனையும் பருவம் அது. காட்டின் ஒலிகளைக் கேட்டவாறு, மூன்றாண்டுகளாகத் தம்மை வாட்டிய எண்ணத்தையே மீண்டும் எண்ணினார். இறைவன் இருக்கின்றான் என்று உள்ளம் உணர்ந்தபோதெல்லாம் வாழவேண்டும் என்னும் ஊக்கம் தம்முள் எழுந்ததையும், அவ்வுணர்வு நீங்கியபோதெல்லாம் உயிரே வற்றியதையும் நினைவுகூர்ந்தார். அங்ஙனமாயின், எதனை உணர்ந்தபோது உயிர் தளிர்க்கின்றதோ அதனையே தாம் தேடினார் என்பது விளங்கிற்று. உள்ளும் புறமும் ஒளி பரவியது. அதன்பின் அவ்வொளி அவரைவிட்டு முற்றும் நீங்கவில்லை. அச்சத்தின் பிடி சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

தாம் கடந்து வந்த இவ்விருளையும் கண்ட ஒளியையும் ஒப்புதல் வாக்குமூலம் என்னும் நூலாக எழுதினார். இளமையில் தாம் செய்த தீமைகளை அதில் அவர் மறைக்கவில்லை. பெருமைக்கும் பொருளுக்குமாகத் தாம் எழுதியதையும் ஒளிக்கவில்லை. ருஷ்ய நாட்டில் அந்நூலை அச்சிட அரசினர் இடங்கொடுக்கவில்லை. அதனால் 1884இல் அது ஜெனீவா நகரில் வெளியாயிற்று.

மாறிய வாழ்வு

புதுவழியில் நடக்கத் தொடங்கிய டால்ஸ்டாய் முதலில் திருச்சபையின் சடங்குகளை முறைதவறாமல் பின்பற்றினார். ஆப்டினா என்னும் புகழ்பெற்ற மடத்திற்கு 1881இல், உழவர் உடையும் மரப்பட்டைச் செருப்பும் அணிந்து நடந்தே சென்றார். ஆனால் போரையும் மரணதண்டனையையும் சமயத் தலைவர்கள் வாழ்த்தும் செயல் அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை. தீமையைத் தீமையால் வெல்லலாகாது என்னும் இயேசுபெருமானின் அறவுரையே அவர்க்கு உயிர்நிலையாகத் தோன்றியது. சடங்குகளைவிட்டு அவ்வறத்தையே பற்றினார். இக்கருத்து வேற்றுமை முற்றி, 1901ஆம் ஆண்டு ருஷ்யத் திருச்சபை அவரைத் தன்னிடமிருந்து விலக்கியது.

மாஸ்கோ மாநகரில் 1882இல் மக்கள் தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. டால்ஸ்டாய் தாமே முன்வந்து, மிக வறியோர் வாழும் பகுதியில் கணக்கெடுக்கும் பணியை ஏற்றார். பசித்தோரும் குளிரில் நடுங்குவோரும் நெருக்கமாக அடைந்து கிடக்கும் இடங்களைக் கண்டார். தம் வீட்டில் விருந்துண்ணும்போது அவர்கள் முகமே அவர் கண்முன் நின்றது. சில காசுகளைக் கொடுப்பதால் இவ்வறுமை தீராது. செல்வர் தம் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தார். அம்மாற்றத்தைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். புலாலையும் மதுவையும் புகையையும் வேட்டையையும் நீக்கினார். தம் அறையைத் தாமே தூய்மை செய்தார், நீர் சுமந்தார், விறகு பிளந்தார், ஏர் பிடித்தார், செருப்புத் தைக்கவும் கற்றார். மாளிகைவாழ் நண்பர் சிலர் நகைத்தனர். அந்நகைப்பை அவர் பொருட்படுத்தவில்லை.

எளிய மக்களும் படித்தறியத்தக்க சிறுகதைகளை அவர் எழுதலானார். மனிதர் எதனால் வாழ்கின்றனர் என்னும் கதை அவற்றுட் சிறந்தது. வறிய செருப்புத் தொழிலாளி ஒருவன், குளிரில் ஆடையின்றிக் கிடந்த அயலானைத் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்று காப்பாற்றுகின்றான். மனிதரை வாழச் செய்வது தன்னலக் கவலை அன்று, அன்பே என்பதனை அக்கதை விளக்குகின்றது. எழுதுகோல் பிடித்த பேராசிரியருக்கு வாழ்க்கை அளித்த விடையும் அதுவே ஆகும்.

தாம் 1881க்குப்பின் எழுதிய நூல்களை எவரும் பொருள் கொடாமல் வெளியிடலாம் என 1891இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு தம் நிலங்களை மனைவி மக்களுக்குப் பகிர்ந்தளித்தார். அக்காலத்தில் ருஷ்யாவின் நடுப்பகுதியிற் கொடிய பஞ்சம் தோன்றியது. அறுபது வயது கடந்த டால்ஸ்டாய், தம் புதல்வியருடன் பஞ்சம் வாட்டிய ஊர்களுக்கே சென்று தங்கினார். சோபியா அம்மையார் செய்தித்தாள் வாயிலாகப் பொதுமக்களிடம் பொருளுதவி வேண்டினார். 200க்கும் மேற்பட்ட அன்னசாலைகள் நிறுவப்பெற்றன. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் உணவு பெற்றனர். வாழ்வதாற் பயன் என்ன என்று ஒருகாலத்திற் கலங்கிய மனிதருக்கு அப்போது அவ்வினாவை எழுப்பவே நேரமில்லை.

படைக்கருவி ஏந்த மறுத்த துகோபார் என்னும் சமயக் கூட்டத்தாரை ருஷ்ய அரசு துன்புறுத்தியது. அவர்களுள் 7,000க்கும் மேற்பட்டோர் 1898, 1899ஆம் ஆண்டுகளில் கனடா நாட்டிற் குடியேறினர். அவர்களது பயணச் செலவிற்கு உதவுவதற்காகவே டால்ஸ்டாய் தம் புத்துயிர்ப்பு என்னும் புதினத்தை முடித்து, அதன் வருவாயை வழங்கினார்.

தம்மைத் தாம் அறிதல்

இத்துணை மாறியும் டால்ஸ்டாய் குறையற்றவராகிவிடவில்லை. எளிமையைப் போற்றியவர் பெரிய வீட்டிலேயே வாழ்ந்தார். பணியாளர் உணவு பரிமாற, அவர் மேசையில் அமர்ந்து உண்டார். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று எனப் பலர் அவரைப் பழித்தனர். அப்பழியை அவர் மறுக்கவில்லை. தம் நெஞ்சை முன்னரே சுட்டுக்கொண்டிருந்த உண்மை அது என ஒப்புக்கொண்டார். ஆனால் தாம் தவறி நடப்பதனால் தாம் காட்டும் வழி தவறாகிவிடாது என விளக்கினார். தள்ளாடி நடப்பவனைக் கண்டு, அவன் செல்லும் பாதையே பொய் என்று கூறலாமோ? விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்குவதே அறிவுடையோர் செயல் என்பது அவர் கருத்து.

அவரது மாற்றத்தால் சோபியா அம்மையார் உற்ற துன்பமும் பெரிது. பெருங்குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது. பொருளைத் துறக்க விரும்பும் கணவருக்கும், மக்களின் எதிர்காலத்தை எண்ணும் மனைவிக்கும் இடையே பிணக்குகள் பெருகின. அவ்வம்மையாரின் மனநோவிற்குத் தாமும் காரணர் என்பதை டால்ஸ்டாய் உணர்ந்திருந்தார். உலகினர் அனைவரிடத்தும் அன்பு பூணுதல் எளிது. ஒரே கூரையின்கீழ் வாழ்வாரிடத்துப் பொறுமை காத்தலே அரிது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.

முதுமையில் பிறந்த கடைசி மகனாகிய இவான் 1895ஆம் ஆண்டு, ஏழு வயது நிறைவதற்குள் இறந்தான். அறிவும் அன்பும் நிறைந்த அக்குழந்தையிடத்துத் தந்தையார் பெருநம்பிக்கை வைத்திருந்தார். அத்துயரத்தால் அவர் முதுகு வளைந்தது. எனினும், இருபது ஆண்டுகளுக்குமுன் குழந்தைகள் இறந்தபோது வாழ்வையே வெறுத்த நிலை இப்போது வரவில்லை. துன்பத்தையும் இறைவன் அளித்ததாக ஏற்று, மனைவியைத் தேற்றினார். அவர் பெற்ற மனவொளி மெய்யானது என்பதை அச்சோதனை காட்டிற்று.

திருக்குறளும் டால்ஸ்டாயும்

இந்தியாவின் விடுதலையை விரும்பிய தாரக்நாத் தாஸ் என்பார், அமெரிக்கக் கண்டத்திலிருந்து டால்ஸ்டாய்க்கு மடல் எழுதினார். அதற்கு 1908ஆம் ஆண்டு டிசம்பரில் டால்ஸ்டாய் நீண்ட மறுமொழி வரைந்தார். ஓர் இந்துவுக்குக் கடிதம் என அது வழங்கும். வன்முறையை விடுத்து அன்பின் வழியிலேயே மக்கள் விடுதலை பெறவேண்டும் என்பது அதன் சாரம். தம் கருத்திற்கு அரணாக அவர் எடுத்துக்காட்டிய நூல்களுள் திருக்குறளும் ஒன்று. இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்தின் கருத்துகள் அக்கடிதத்தில் இடம்பெற்றன. தீமை செய்தவர்க்கும் நன்மை செய்தலே தக்க தண்டனை என்னும் வள்ளுவர் வாய்மை, பனி மூடிய ருஷ்ய நாட்டிலும் ஒரு முதியவரின் நெஞ்சைத் தொட்டது தமிழர்க்குப் பெருமை தருவதாகும்.

அக்கடிதம் காந்தியடிகளின் கைக்கு 1909இல் கிடைத்தது. அப்போது அவர் தென்னாப்பிரிக்காவில் இந்தியரின் உரிமைக்காகப் போராடிவந்தார். டால்ஸ்டாய்க்கு மடல் எழுதி, அக்கடிதத்தைக் குசராத்தியில் மொழிபெயர்த்தும் வெளியிட்டார். ஜோகன்னஸ்பர்க் நகரருகே 1910ஆம் ஆண்டு, நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் அறப்போராளிகளின் குடும்பங்களைக் குடியேற்றி, அதற்கு டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயரிட்டார். அப்பண்ணையில் தமிழர் பலரும் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் கற்பித்தார். உழைத்து உண்ணவேண்டும், எவரையும் பகைக்கலாகாது என்னும் டால்ஸ்டாயின் நெறி அங்கே நடைமுறைக்கு வந்தது. இறப்பதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர், டால்ஸ்டாய் காந்தியடிகளுக்கு அன்பின் ஆற்றலை விளக்கி நீண்ட மடல் ஒன்று எழுதினார்.

இறுதிப் பயணம்

தம் கொள்கைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடு முதுமையில் அவரை மிகவும் உறுத்தியது. 1910ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள், விடியுமுன் இருளில், 82 வயதான டால்ஸ்டாய் மருத்துவ நண்பர் ஒருவருடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஆப்டினா மடத்தைக் கண்டார். ஷமோர்தினோ என்னும் ஊரில் துறவு வாழ்க்கை மேற்கொண்டிருந்த தங்கையையும் கண்டார். புகைவண்டியில் மேலும் செல்லும்போது கடுஞ்சுரம் கண்டது. அஸ்தாபோவோ என்னும் சிறு நிலையத்தில் இறக்கப்பட்டு, நிலையத் தலைவரின் எளிய வீட்டிற் கிடத்தப்பட்டார். நுரையீரல் நோய் முற்றி, நவம்பர் 20ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

அவர் உடல் யாஸ்னயா போல்யானாவில், காட்டினூடே ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தைத் தேர்ந்தவரும் அவரே. அதற்குக் காரணம் உண்டு. சிறுவயதில் தமையனார் நிக்கோலாய் தம்பியருக்கு ஒரு கதை கூறுவார். மக்கள் அனைவரும் நோயும் சினமும் இன்றி ஒருவரையொருவர் நேசித்து வாழும் வழி, பச்சைக்கோல் ஒன்றில் எழுதி அப்பள்ளத்தாக்கின் அருகே புதைக்கப்பட்டுள்ளது என்பதே அக்கதை. கதை குழந்தை விளையாட்டே ஆயினும், அக்கோலைத் தேடுவதே டால்ஸ்டாயின் வாழ்க்கையாக அமைந்தது. கல்லும் எழுத்தும் சிலுவையும் இன்றி, புல் மூடிய மண்மேடாக அவர் கல்லறை இன்றும் விளங்குகின்றது.

துன்பம் யாவர்க்கும் வரும். வாழ்வே இருண்டதாகத் தோன்றும் நாளும் வரக்கூடும். அந்நாளில் அவசரமாக முடிவு செய்யாமல் பொறுத்திருத்தல் வேண்டும். எளியோரிடத்தும் கற்றுக்கொள்ள முன்வருதல் வேண்டும். தம் குறையைத் தாமே கண்டு, வெறுத்துச் சோராமல் திருத்த முயலுதல் வேண்டும். பலமுறை விழுந்தும் ஒவ்வொரு முறையும் எழுந்து நடந்தவர் டால்ஸ்டாய் அடிகள். நாள்தோறும் தம்மோடு தாம் போராடிய அவருடைய வாழ்க்கை, தவறிய மனிதனும் மேலே உயரலாம் என்னும் நம்பிக்கையை உலகிற்கு ஊட்டுகின்றது.